ஆற்றுக்குள் ஒரு கை

நாய் வளர்ப்பவர்கள் உண்டு, பூனை வளர்ப்பவர்கள் உண்டு, தேனீ வளர்ப்பவர்கள் உண்டு. பேய் வளர்ப்பவர்களும் உண்டு. நாய் என்றால் வேளைக்குத் தீனி போட வேண்டும், ஊசி போட வேண்டும், மழையில் நடத்திக்கொண்டு போக வேண்டும். பேய்க்கு அந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது. வளர்ப்பவருக்கு அதுவே தீனி போட்டுவிடும். இந்த இனத்துக்கு மூடுபனிக்காரர் என்று பெயர் வைப்போம். ஐரோப்பாவின் வடபாதியில், வீட்டுக்கொரு ஏரியும் வீதிக்கொரு ஓடையும் இருக்கிற பக்கமாக, இந்த இனம் மிகச் செழிப்பாக வளர்கிறது.

கண்டுபிடிப்பது சுலபம். நீங்கள் அவரோடு ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருப்பீர்கள். திடீரென்று நிற்பார். கையை உயர்த்தி உங்கள் வாயை அடைப்பார். தலையைச் சாய்த்துக் கேட்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தத் தண்ணிக்குள்ள ஏதோ இருக்கு" என்பார். இருக்கத்தான் செய்கிறது. மீன் இருக்கிறது, பாசி இருக்கிறது, யாரோ எறிந்த பழைய சைக்கிள் ஒன்று இருக்கிறது. அவர் சொல்வது அதையெல்லாம் அல்ல. அவர் சொல்வதைப் பார்க்க முடியாது, தொட முடியாது, இல்லையென்று நிரூபிக்கவும் முடியாது. ஆனால் அதைப் பற்றி நானூறு பக்கத்தில் நாவல் எழுத முடியும்.

ஸ்வீடனில் ஓபாக்கா என்ற கிராமத்து ஃபோல்கே பெர்க்வால் இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இப்போதுதான் தண்ணீரிலிருந்து எழுந்து வந்தது போல எப்போதும் ஈரமாக வாரிய தாடி. பாசி நிறத்தில் கம்பளிச் சட்டை. பேச்சின் நடுவே நீண்ட மௌனங்கள். அந்த மௌனங்களில் அவர் எதையோ கேட்டுக்கொண்டிருப்பதாக வாசகர்கள் நினைப்பார்கள். அடுத்த வாக்கியத்தை யோசித்துக்கொண்டிருப்பார் என்பது அவருடைய அக்கா குன்வோருக்கு மட்டும் தெரியும்.

அவர் வளர்த்த பேயின் பெயர் நெக்கன். ஸ்வீடன் ஆறுகளின் பழைய குடியிருப்பாளன். உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் பாறைமேல் உட்கார்ந்து பிடில் வாசிப்பான்; கேட்டு மயங்கித் தண்ணீரில் இறங்கியவர் திரும்பி வரமாட்டார். அவனை அடக்க இரண்டு வழிகள் சொல்லி வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்குள் ஓர் இரும்பைப் போடலாம். இல்லையென்றால் அவன் பெயரை உரக்கச் சொல்லலாம். பெயர் வெளியே வந்த கணத்தில் அவனுடைய பலம் அத்தனையும் வடிந்துவிடும். சொல்லாமல் இருக்கும்வரைதான் அவன் ராஜா.

ஃபோல்கேயின் முதல் நாவலில் வந்த நெக்கன் பழைய நெக்கன். தலைமுடி பாசி, பல் பச்சை, உடம்பெல்லாம் மீன் நாற்றம். நாவல் கடையிலேயே கிடந்தது. "வாசகிகளுக்கு இந்த நாத்தம் ஒத்துவரல ஃபோல்கே" என்றார் பதிப்பாளர். இரண்டாவது நாவலில் நெக்கன் குளித்துவிட்டு வந்தான். சவரம் செய்துகொண்டான். தோள்கள் அகன்றன, கண்கள் மரகதமாயின, நூற்றாண்டுகளின் சோகம் ஒன்று வந்து இமைகளில் தங்கியது. ஸ்டாக்ஹோமிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு கால்நடை மருத்துவர் அவன்மேல் காதல் கொண்டாள். புத்தகம் கட்டுக்கட்டாகப் போயிற்று. மூன்றாவது, துப்பறியும் நாவல். ஆற்றில் வரிசையாகப் பிணங்கள். மனைவி பிரிந்து போன, ஆறின காப்பியையே குடிக்கிற ஒரு போலீஸ் அதிகாரி. கடைசி அத்தியாயத்தில் குற்றவாளி யார் தெரியுமா? முதல் பிரதியில், மதகைப் பழுதுபார்க்காமல் விட்ட நகராட்சிப் பொறியாளர். பதிப்பாளர் உதட்டைப் பிதுக்கினார். அச்சில் வந்தபோது நெக்கனே குற்றவாளி. பொறியாளர் பிழைத்தார். நிஜத்தில் பிழைத்துக்கொண்டிருப்பது போலவே.

நான்காவது நாவலைத்தான் ஓபாக்கா தலையில் வைத்துக் கொண்டாடியது. அதில் நெக்கன் ஒரு புதிய தந்திரம் செய்வான். பிடிலை ஓரமாக வைத்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்தவர் குரலில் "காப்பாத்துங்க, காப்பாத்துங்க" என்று கத்துவான். பரிதாபப்பட்டு இறங்கினீர்களோ, முடிந்தது கதை. "எவர் குரலில் அழைத்தாலும் அசையாதே, கரையில் நின்று அதன் அழகைக் கேள்" என்ற வரி கிராமத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். நூலகத்துச் சுவரில் கூட எழுதி மாட்டியிருந்தார்கள். இந்த வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

குளிர்காலத்தில் நூலகத்தில் ஃபோல்கேயின் சொற்பொழிவு நடக்கும். லவங்கப்பட்டை தூவிய ரொட்டிச் சுருள், காப்பி, மெழுகுவர்த்தி. ஐரோப்பா முழுவதும் பரவிக்கிடக்கிற நெக்கனின் பங்காளிகளை அவர் வரிசையாகக் கூப்பிட்டு நிறுத்துவார். ரைன் நதிப் பாறையில் தலை வாரிக்கொண்டே படகுகளைக் கவிழ்க்கிறவள். ஸ்காட்லாந்து ஏரியில், முதுகில் ஏறிய பிள்ளைகளோடு முங்கிவிடும் குதிரை. பிரான்சில், வாரத்தில் ஒருநாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாம்பாகிவிடும் சீமாட்டி. கிழக்கு நாட்டு ஆறுகளில், கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஆண்களைக் கூப்பிடும் கன்னிகள். நூலகர் சிக்னே முன்வரிசையில் கண் கலங்க உட்கார்ந்திருப்பாள். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து அந்தக் குரல் வரும்.

"டேய் ஃபோல்கே, ஒரு சந்தேகம்."

குன்வோர். கிராமத்து நீச்சல் பள்ளியின் ஆசிரியை. மூடுபனியை ஜன்னல் கண்ணாடியில் படிந்த அழுக்கைப் பார்ப்பது போலப் பார்க்கிறவள்.

"சொல்லுக்கா" என்பார் ஃபோல்கே, பல்லைக் கடித்துக்கொண்டு.

"அந்தக் கன்னிப் பொண்ணுங்க இருக்காங்களே, கூந்தலை அவுத்துப் போட்டவங்க, அவங்க முதல்ல தண்ணிக்குள்ள எப்படிப் போனாங்க?"

"அது... காதல் தோல்வி. பெரும்பாலும் தற்கொலை."

"வயித்துல புள்ளையக் குடுத்துட்டு ஒருத்தன் கம்பி நீட்டிட்டான். ஊரு காறித் துப்புச்சு. அவ போய் விழுந்தா. இல்ல, யாராவது தள்ளி விட்டாங்க. சரிதானே? அப்புறம் அவன் வேற கல்யாணம் கட்டி, சர்ச்சுல முதல் வரிசையில உக்காந்தான். செத்தவ பேயி. அதுவும் ஆம்பளைங்கள மயக்கிக் கொல்ற பேயி. கேக்க நல்லா இருக்குடா உங்க நியாயம்!"

"அக்கா, இது இலக்கியம்."

"ஆமா, ஆமா. கரையில நின்னவங்க எழுதின இலக்கியம்."

காப்பிக்கு இடைவேளை விடுவார்கள்.

மூடுபனிக்காரர் பாவம், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர் என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான். அவர் நினைப்பதே இல்லை. கெடுதல் தானாக நடந்துகொள்ளும். ஓபாக்காவின் ஆற்றோரத்தில் பழைய மாவு ஆலை ஒன்று உண்டு. ஆலை வாய்க்காலின் மதகுக்கு மேலே குறுக்காகப் பலகைப் பாதை. நீச்சல் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு அதுதான் வழி. பலகைகள் இற்றுப்போய்ப் பல வருஷமாயிற்று. கைப்பிடி என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமாக இரண்டு குச்சிகள் நின்றன. புதுப் பலகை போட வேண்டும், பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும், வாய்க்கால் வாயில் தடுப்பு வேண்டும் என்று குன்வோர் கிராமச் சங்கக் கூட்டத்தில் கேட்டாள். சங்கத் தலைவர் இவார் வழக்கம்போல ஃபோல்கேயைப் பார்த்தார். ஃபோல்கே எழுந்தார். மௌனம் காத்தார். "இரும்புக் கம்பி போட்ட ஆத்துல எந்த ஆன்மா குடியிருக்கும்?" என்றார். சிக்னே விம்மினாள். தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டது. ஆன்மாவுக்குச் செலவில்லை, பலகைக்கு உண்டு. இவாருக்கு அது பிடித்திருந்தது.

போன கோடையில் சாரோன் என்ற ஏழு வயதுச் சிறுமி, தோளில் துண்டோடு அந்தப் பலகையில் கால் வைத்தாள். பலகை கவிழ்ந்தது. அவளைப் பின்தொடர்ந்து வந்த குன்வோர் நீச்சலுடையின் வாரைப் பிடித்து இழுத்துப் போட்டாள். பிழைத்தது மறுபிழைப்பு. கெண்டைக்காலில் நீளமாகக் கிழிந்திருந்தது. அவளுடைய அம்மா மெஹ்ரெத், எரித்ரியாவிலிருந்து வந்தவள், முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள், ஓடிவந்து நின்றாள்.

"வறண்ட நாட்டுலேர்ந்து வந்தவங்க, நம்ம தண்ணியப் பத்தி என்ன தெரியும், பாவம்" என்றார் இவார்.

"நான் துறைமுகத்துக்காரி" என்றாள் மெஹ்ரெத். "நடக்கப் படிக்கிறதுக்கு முன்னால நீந்தப் படிச்சவ. எனக்குத் தண்ணிய நல்லாத் தெரியும். உங்க பலகையத்தான் தெரியல."

ஃபோல்கே என்ன செய்தார்? வீட்டிலிருந்தபடியே வட்டாரப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு: நெக்கன் விழித்துக்கொண்டான். அந்நிய மண்ணின் பிஞ்சுக் காலைப் பற்றிய குளிர்ந்த கரம், அந்தக் கெண்டைக்காலில் பதிந்த ஐந்து விரல்கள் என்றெல்லாம் போயிற்று கட்டுரை. அழகான கட்டுரை. சிறுமி மட்டும் பார்த்தவரிடமெல்லாம் "ஆணிதான் கிழிச்சுது, வளைஞ்ச ஆணி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆணி எங்கே, ஐந்து விரல் எங்கே? அடுத்த வாரமே நகரத்திலிருந்து ஆட்கள் விரல்கள் பதிந்த ஆற்றைப் பார்க்க வந்தார்கள். ஆணியைப் பார்க்க எவனும் பேருந்து ஏறமாட்டான்.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. பலகைப் பாதை அப்படியே. நடுக்கோடைத் திருநாள் முடிந்த திங்கட்கிழமை நீச்சல் பள்ளி திறக்க வேண்டும். அதற்குள் வழி சரியாகாவிட்டால் பிள்ளைகளை அந்த மதகுமேல் நடத்திப் போகப் போவதில்லை, பள்ளியையே பூட்டிவிடுவேன் என்று குன்வோர் சொல்லிவிட்டாள். ஏரிகள் சூழ்ந்த ஊரில், நீந்தத் தெரியாத பிள்ளைகள். அடுத்த வருஷம் நெக்கன் எத்தனை பேரைப் பிடிப்பான் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இவார், "இலையுதிர் காலக் கூட்டத்துல பாத்துக்கலாம்" என்றார்.

அந்த நடுக்கோடைத் திருநாளன்று ஓபாக்காவில் ஒரு போட்டி நடக்கும். ஆண்கள் ஒவ்வொருவராக ஆடை களைந்து, இடுப்பில் அல்லிக்கொடியைச் சுற்றிக்கொண்டு, பல் கிட்டிக்கிற ஆற்றுக்குள் பாறையில் உட்கார்ந்து பிடில் வாசிப்பார்கள். கரையில் நடுவர்கள் போர்வை போர்த்திக்கொண்டு காப்பி குடித்தபடி அட்டை தூக்குவார்கள். வாசிப்புக்கு மதிப்பெண், தோற்றத்துக்கு மதிப்பெண், உணர்வுக்குத் தனி மதிப்பெண். வென்றவன் அந்த வருஷத்து நெக்கன். சிரிக்காதீர்கள். ஆளுக்கு ஆள் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் காட்சி உண்மையிலேயே பார்க்க நன்றாக இருக்கும்.

இத்தனை வருஷமும் நடுவர் தலைவராகப் போர்வைக்குள் இருந்த ஃபோல்கே, இந்த முறை தாமே தண்ணீரில் இறங்குவதாக அறிவித்தார். ஐந்தாவது நாவல் தயாராகிக்கொண்டிருந்தது. அட்டைக்கு அவரே நெக்கனாக இருந்தால் பிரமாதமாக இருக்கும் என்று பதிப்பாளர் புகைப்படக்காரர் ஒருவரை அனுப்பியிருந்தார்.

"இந்தத் தட்டைப் பாறைல வேண்டாம் சார்" என்றார் புகைப்படக்காரர். "அங்க, அந்த மதகுக்குக் கீழ. தண்ணி விழுந்து புகை மாதிரி எழும்புது பாருங்க. அந்தப் பனிக்குள்ள நீங்க."

பனி என்ற சொல்லைக் கேட்டால் மூடுபனிக்காரரின் கால் தானாகவே அந்தப் பக்கம் போகும். போனது.

குன்வோர் போட்டியைப் பார்க்கவில்லை. காப்பி மேசையில் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சின்ன வயசுல ஒரே தொட்டியில ரெண்டு பேரையும் போட்டுக் குளிப்பாட்டினாங்க. அவன அம்மணமாப் பாத்தது எனக்கு அதுவே போதும்" என்றாள்.

ஃபோல்கே மதகுக்குக் கீழே, தெறிக்கும் திவலைகளுக்கு நடுவே உட்கார்ந்தார். பிடிலை எடுத்தார். குளிர் எலும்புக்குள் இறங்கியது. ஆனால் அவருக்குள் ஒரு பெருமிதம் சூடாக எழுந்தது. கரையில் ஊரே நிற்கிறது. சிக்னே இப்போதே அழுகிறாள். இந்தத் தண்ணீர் என்னை அறியும், நான் இதன் குரல், என்று நினைத்துக்கொண்டார். பெரிய இழுப்பு ஒன்று இழுப்பதற்காக உடம்பைச் சாய்த்து, வலது காலை ஊன்றினார்.

ஊன்றிய இடத்தில் பாறை இல்லை. போன வருஷம் கவிழ்ந்து விழுந்த பலகை கிடந்தது. கால் பலகைக்கும் பாறைக்கும் இடையில் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. ஏதோ ஒன்று கணுக்காலுக்கு மேலே சதையில் ஏறியது. இழுத்தார். மேலும் ஏறியது. பிடில் கையை விட்டு நழுவி, தன் பாட்டுக்கு ஏரியைப் பார்த்துப் புறப்பட்டது. உட்கார்ந்திருந்த இடம் வழுக்கியது. தண்ணீர் மார்புக்கு வந்தது. பிறகு கழுத்துக்கு.

அவருடைய உள்ளத்தில் அப்போது எழுந்தது இலக்கியம் அல்ல.

"ஐயோ! காப்பாத்துங்க!"

கரையில் ஒரு பெருமூச்சு எழுந்தது.

"ஆஹா" என்றார் ஒருவர்.

"காப்பாத்துங்க! நெஜமாத்தான் சொல்றேன்! கால் மாட்டிக்கிச்சு!"

"நாலாவது நாவல்" என்றாள் சிக்னே, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு. "தெரிஞ்சவங்க குரல்ல கூப்பிடுற அத்தியாயம். அப்படியே வருது."

தாய்மார்கள் பிள்ளைகளை இரண்டடி பின்னால் இழுத்துக்கொண்டார்கள். ஒரு பையன், "எவர் குரலில் அழைத்தாலும் அசையாதே" என்று ராகத்தோடு ஒப்பித்தான். அம்மா அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"டேய் இவார்! தலைவரே! சத்தியமாச் சாகப்போறேன்யா!"

"பேரச் சொல்லிக் கூப்பிடுறான் பாருங்க, எனக்குச் சிலிர்க்குது" என்றார் இவார், சிலிர்த்துக்கொண்டு. புகைப்படக்காரர் மண்டியிட்டுப் படம் படமாகச் சுட்டுத் தள்ளினார். நடுவர்கள் அட்டையைத் தூக்கினார்கள். உணர்வுக்குப் பத்து. பத்து. மூன்றாமவர் மட்டும் எட்டு.

"கொஞ்சம் மிகை நடிப்பு" என்றார் அவர்.

ஃபோல்கேயின் நிலைமையைக் கொஞ்சம் எண்ணிப்பாருங்கள். கழுத்தளவு தண்ணீர். கால் போகவும் வரவும் முடியாத இடத்தில். எதிரே தம் வாசகர்கள் நூறு பேர், ஒருவர் விடாமல் தம் புத்தகத்தைப் படித்தவர்கள், படித்ததை நம்புகிறவர்கள். எந்த எழுத்தாளருக்கு இந்தப் பேறு கிடைக்கும்? இவர்களில் படிக்காத முட்டாள் ஒருவனாவது இருக்க மாட்டானா என்று வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஏங்கினார்.

ஒருத்தி இருந்தாள். அவளுடைய மொழியில் ஃபோல்கேயின் நாவல்கள் இன்னும் வரவில்லை. மெஹ்ரெத் கூட்டத்தின் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவரைக் கேட்டாள்.

"ஏன் யாரும் போகல?"

"நடிப்பும்மா."

"உதடு நீலமா இருக்கு."

"சாயம் பூசியிருப்பாரு."

மெஹ்ரெத் காப்பி மேசைக்கு ஓடினாள். "டீச்சர்! உங்க தம்பி கத்துறாரு!"

"அவன் பேசக் கத்துக்கிட்ட நாள்லேர்ந்து கத்துறான்" என்றாள் குன்வோர், திரும்பாமல்.

"டீச்சர், சாரோன் விழுந்தாளே, அந்த எடத்துல."

குன்வோர் திரும்பினாள். காப்பிக் குவளை உருண்டது. மெஹ்ரெத் அதற்குள் செருப்பை உதறிவிட்டு, உடுத்தியிருந்த திருநாள் உடையோடு குதித்துவிட்டாள். இரண்டே வீச்சில் போய் ஃபோல்கேயின் தாடியை முகவாயோடு பிடித்து மேலே தூக்கினாள். குன்வோர் ஆலைக்குள் ஓடி ஒரு கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்து தண்ணீரில் இறங்கினாள்.

"இரும்பு!" என்று அலறினாள் சிக்னே. "நெக்கனைக் கட்ட இரும்பு!"

கரை முழுக்கக் கைத்தட்டல். எட்டுக் கொடுத்த நடுவர் அட்டையை மாற்றிப் பத்தைத் தூக்கினார்.

பலகையின் அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பிய குன்வோர், "காலை இழுடா, கழுத! இப்ப இழு!" என்று கத்தியபோதுதான் கைத்தட்டல் கொஞ்சம் குழம்பி நின்றது. நெக்கனை யாரும் அப்படிக் கூப்பிட்டதாக எந்த நாவலிலும் இல்லை.

புல்வெளியில் நீள மேசை போட்டிருந்தது. காடியில் ஊறவைத்த மீன், சதகுப்பைக் கீரை போட்டு வேகவைத்த புது உருளைக்கிழங்கு, ஸ்ட்ராபெரி, சின்னச் சின்னக் கிண்ணங்களில் சாராயம். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு ஃபோல்கே தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். பரிசு அவருக்குத்தான், சந்தேகமென்ன. காலில் சுற்றிய துண்டு சிவந்துகொண்டிருந்தது. அவர் நிஜமாகவே சாகக் கிடந்தார் என்ற செய்தி மெல்ல மேசையைச் சுற்றி வந்தது. வந்த வேகத்திலேயே மாறவும் செய்தது.

சிக்னே அவர் பக்கத்தில் குனிந்தாள். "சார்... கீழ என்ன இருந்துச்சு? உங்களப் புடிச்சது எது?"

மேசை முழுவதும் அமைதியாயிற்று. முள்கரண்டிகள் நின்றன.

ஃபோல்கேக்கு உயிர் திரும்பியது. போர்வையும் சாராயமும் செய்யாததை அந்த அமைதி செய்தது. கண்ணை மூடினார். குளிர்ந்த ஒரு கை, மெலிந்த நீண்ட விரல்கள். வாக்கியம் தானாக வந்து வரிசையில் நின்றது. ஐந்தாவது நாவலின் முதல் வரி. இதைவிட நல்ல முதல் வரி எவனுக்கு வாய்க்கும்? பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். பேருந்துகள் வரும். அவர் தம் புகழ்பெற்ற மௌனத்தைத் தொடங்கினார்.

"நான்... கீழ... உணர்ந்தது..."

"வளைஞ்ச ஆணிதானே?"

சாரோன். வாயெல்லாம் ஸ்ட்ராபெரி. மேசைக்கு அடியிலிருந்து வந்து அவருடைய காலில் சுற்றிய துண்டை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் காலைத் தூக்கி அவர் கால் பக்கத்தில் வைத்தாள். பழைய தழும்பு ஒன்று. புதிய கிழிசல் ஒன்று. ஒரே சாய்வு, முடிவில் ஒரே கொக்கி.

"எனக்கும் இப்படித்தான் கிழிச்சுது. நீங்க பாத்தீங்களா அத? துருப் புடிச்சு இருக்கும்."

ஃபோல்கே அந்தத் தழும்பைப் பார்த்தார். அதைப் பற்றி அவர் பத்திரிகையில் அரைப்பக்கம் எழுதியிருந்தார். ஐந்து விரல்களையும் தனித்தனியாக வர்ணித்திருந்தார். காலை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார்.

"இப்ப எதுக்கு அதெல்லாம்" என்றார் இவார் அவசரமாக. "உருளைக்கிழங்கு ஆறுது. பலகை, கிலகை எல்லாம் இலையுதிர் காலத்துல..."

"சொல்லுடா ஃபோல்கே" என்றாள் குன்வோர். அவளுடைய ஈரத் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "உன் புஸ்தகத்துலயே எழுதியிருக்கியே, பேரச் சொன்னா அவன் பலம் போயிடும்னு. பேரச் சொல்லு. திங்கக்கிழமை அந்தப் பக்கமாப் புள்ளைங்க நடக்கணும்."

மௌனம். இந்த முறை அடுத்த வாக்கியத்துக்காக இல்லை. ஒரு பக்கம் முதல் வரி. இன்னொரு பக்கம் ஒரு சிறுமியின் தழும்பு. மூடுபனிக்காரரின் வாழ்க்கையில் இப்படி ஒரு தராசு அபூர்வமாகத்தான் வரும். அவர் மனசாட்சி எந்தப் பக்கம் சாய்ந்தது என்று நல்லவிதமாகச் சொல்லத்தான் ஆசை. ஆனால் குன்வோர் தம்பியை அறிந்தவள். மனசாட்சியை நம்பி அவள் எதையும் விட்டுவைப்பதில்லை.

"அப்புறம் இன்னொண்ணு. இப்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகப்போறேன். துருப் புடிச்ச ஆணின்னு சொன்னா ஊசி போடுவாங்க. தண்ணிக்குள்ள ஒரு கைன்னு சொன்னா, போடமாட்டாங்க. வேற டாக்டர்கிட்ட அனுப்புவாங்க. யோசிச்சுச் சொல்லு."

ஃபோல்கே தம் காலைப் பார்த்தார். சதை வீங்கத் தொடங்கியிருந்தது. சிறுமியைப் பார்த்தார். அவள் ஸ்ட்ராபெரியை மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டு, தன்னைப் போல ஆணியில் கிழிபட்ட ஒரே மனிதரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆணி" என்றார்.

"சத்தமா."

"ஆணி! துருப் புடிச்ச ஆணி! அந்த நாசமாப் போன பலகையில இருக்கிற ஆணி! இவார், அந்தப் பலகைய மாத்தித் தொலைய்யா!"

சிக்னே சிறு கேவலோடு நாற்காலியில் சரிந்தாள். பழைய கதைகளில் சொல்லியிருப்பது பொய்யில்லை. பெயரை உரக்கச் சொன்ன அந்தக் கணத்தில், ஓபாக்காவின் நெக்கனுடைய பலம் அத்தனையும் வடிந்ததை மேசையிலிருந்த எல்லோரும் பார்த்தார்கள். மதகடியில் ஒரு பலகை மட்டும் மிஞ்சியது. பலகையென்றால் பயப்படவோ பரவசப்படவோ என்ன இருக்கிறது? மாற்ற வேண்டியதுதான்.

"சங்கத்துக்காரங்க எல்லாரும் இங்கதான இருக்கீங்க" என்றாள் குன்வோர். "கையத் தூக்குங்க."

முள்கரண்டிகளோடு கைகள் எழுந்தன. இவார் சுற்றிலும் பார்த்தார். பிறகு, இது முதலிலிருந்தே தம்முடைய யோசனைதான் என்பது போலத் தாமும் தூக்கினார். மெஹ்ரெத் கையைத் தூக்கவில்லை. அவள் சங்கத்தில் சேர்க்கப்படவில்லை. அதைக் கவனித்த குன்வோர், "இன்னொரு தீர்மானம்" என்று ஆரம்பித்தாள். உருளைக்கிழங்கு நன்றாகவே ஆறிவிட்டது.

திங்கட்கிழமை பிள்ளைகள் புதுப் பலகையில் நடந்து போனார்கள். பச்சை மர வாசனை. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி. சாரோன் கம்பியைப் பிடித்தபடி ஒருமுறை கீழே எட்டிப் பார்த்தாள். பிறகு கையை விட்டுவிட்டு ஓடினாள்.

ஃபோல்கே திருந்தினாரா என்று கேட்கிறீர்களா? இந்த இனம் திருந்துவதில்லை. ஐந்தாவது நாவல் வசந்தத்தில் வந்தது. அதில் கதாநாயகனின் காலை, மதகுக்குக் கீழே, குளிர்ந்த ஒரு கை பற்றுகிறது. மெலிந்த நீண்ட விரல்கள். விமர்சகர்கள் அந்த இடத்தின் நம்பகத்தன்மையை மெச்சினார்கள். புத்தகம் அக்காவுக்குக் காணிக்கை. அவள் காணிக்கைப் பக்கம்வரை படித்துவிட்டு, நீச்சல் பள்ளிக் குடிசையின் ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதை முட்டுக் கொடுத்திருக்கிறாள். வாசகர்கள் கேட்டால் அவர் இப்போதும் அந்த மௌனத்தைக் காத்து, "இந்தத் தண்ணிக்குள்ள ஏதோ இருக்கு" என்றுதான் சொல்கிறார். சொல்லிவிட்டு மதகைக் கடக்கும்போது, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடக்கிறார்.

நல்லவேளை, நாம் அப்படியில்லை. நமக்கு நெக்கனும் தெரியாது, அவன் பிடிலும் தெரியாது. மூடி போடாத கிணற்றில் பக்கத்துத் தெருப் பிள்ளை விழுந்தபோது, "அவனுக்குத் தண்ணியில கண்டம்னு அப்பவே சொன்னாங்க" என்று யாரோ சொன்னார்கள். தலையாட்டியது நீங்களாக இருக்காது. அதைக்கூட விடுங்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால், ஃபோல்கே ஆற்றுக்குள் காலை ஊன்றினாரே, ஏதோ ஒன்று சதையில் ஏறியதே, அந்த இடத்தைப் படித்தபோது உங்களுக்கு முதலில் தோன்றியது எது? பொய் சொல்ல வேண்டாம். ஆணியா, கையா?

கை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. நடுவர் வரிசையில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. போர்வை தருவார்கள்.